ஃபிலிம் ரோலோட ஃபிளைட் ஏறப் போறீங்களா?

இன்னைக்குக் கொஞ்சம் சொந்தக் கதையோட ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் வெளிநாட்டுல இருக்கிற அக்காவுக்குக் குழந்தை பிறந்துச்சு. அம்மாவுக்கு விசா கிடைக்கல, நான் மட்டும்தான் போனேன். அந்த முதல் வாரத்தை ரெண்டு ரோல் ஃபிலிம்ல எடுத்தேன். திரும்பி வரும்போது ஏர்போர்ட் செக்யூரிட்டியில பின்னாடி பெரிய க்யூ. "இதைக் கையால செக் பண்ணுவீங்களா"ன்னு கேட்கக் கூச்சப்பட்டு, பையை அப்படியே பெல்ட்ல வச்சுட்டேன்.

ஊருக்கு வந்து டெவலப் பண்ணினா, படம் முழுக்கப் புகை படிஞ்ச மாதிரி, குறுக்கே அலை அலையா பட்டை. லேப் அண்ணன் பார்த்ததுமே கேட்டார்: "ஸ்கேனர்ல விட்டீங்களா தம்பி?"

ஏன் இப்படி ஆகுது? ஃபிலிமுக்கு வெளிச்சமும் எக்ஸ்-ரேயும் ஒண்ணுதான், ரெண்டுமே அதுல பதியும். பழைய கேபின் பேக் ஸ்கேனர்கள்ல கதிர் குறைவு. ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே உள்ள ஃபிலிம் ஒண்ணு ரெண்டு தடவை போனா பெரும்பாலும் தப்பிச்சிடும். ஆனா ஒவ்வொரு தடவையும் பாதிப்பு சேர்ந்துகிட்டே போகும்.

இப்போ பல ஏர்போர்ட்ல வந்திருக்கிறது சி.டி. ஸ்கேனர். ஆஸ்பத்திரியில எடுக்கிற சி.டி. மாதிரி, பையைச் சுத்திச் சுத்திப் படம் எடுக்கும். இதுல ஒரே ஒரு தடவை போனாலே ஃபிலிம் கெடலாம். அடையாளம் என்னன்னா, "லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டாம்"னு சொன்னா, அது அனேகமா சி.டி. மெஷின்தான்.

சரி, என்ன செய்யலாம்?

முதல் விஷயம், ஃபிலிமை செக்-இன் லக்கேஜ்ல போடவே போடாதீங்க. அங்கே கதிர் இன்னும் பலமா இருக்கும். ஈயப் பையில போட்டாலும் பிரயோஜனம் இல்ல. திரையில கறுப்பா ஏதோ தெரியுதுன்னு பையைத் திறக்கச் சொல்வாங்க, அவ்வளவுதான்.

ரோல்களை டப்பாவிலிருந்து எடுத்து, உள்ளே தெரியிற ஜிப் பையில போட்டுத் தனியா கையில வச்சுக்கோங்க. கேமராவுக்குள்ள பாதி ரோல் இருந்தா, ஏர்போர்ட் போறதுக்கு முன்னாடியே முடிச்சு வெளியே எடுத்துடுங்க. இன்ஸ்டன்ட் கேமரா ஃபிலிமுக்கும் இதே கதைதான்.

கொஞ்சம் சீக்கிரமா போங்க. பெல்ட்ல வைக்கறதுக்கு முன்னாடியே, "சார், இது டெவலப் பண்ணாத ஃபிலிம், கையால செக் பண்ண முடியுமா?"ன்னு பணிவா கேளுங்க. அமெரிக்காவுல பயணிகள் இப்படிக் கேட்கலாம்னு பாதுகாப்புத் துறையே சொல்லுது. மத்த இடங்கள்ல அந்த அதிகாரி முடிவுதான். மறுத்தா சண்டை போடாதீங்க, பழைய எக்ஸ்-ரே மெஷின் உள்ள லைன் இருக்கான்னு மட்டும் கேட்டுப் பாருங்க.

இதையெல்லாம் விட நல்ல வழி ஒண்ணு இருக்கு. முடிஞ்சா போன ஊர்லயே டெவலப் பண்ணிடுங்க. டெவலப் ஆன நெகட்டிவை எந்த ஸ்கேனரும் ஒண்ணும் செய்யாது. மெமரி கார்டுக்கும் பயம் இல்ல.

அந்த ரெண்டு ரோல்ல ஓரளவு தேறினது நாலே படம். அதுல ஒண்ணை அம்மா பூஜை அலமாரியில வச்சிருக்காங்க, குழந்தையோட முகத்துக்கு மேலேயே ஒரு சாம்பல் பட்டை ஓடுது. அம்மா ஒண்ணும் சொல்லல. ஆனா அதைப் பார்க்கும்போதெல்லாம், அன்னைக்கு வாயைத் திறந்து கேட்டிருக்கலாமேன்னு தோணும்.

நீங்க கேட்டுடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.