அம்மாவோட விக்கை நான் துவைச்ச கதை

போன வாரம் சர்வர் செலவைக் குறைக்கிறதைப் பத்திப் பேசினோம். இந்த வாரம் அதுக்குச் சம்பந்தமே இல்லாத ஒண்ணு: நிஜ முடியில செஞ்ச விக்கை எப்படிப் பார்த்துக்கணும். 'எனக்கெதுக்குடா இது'ன்னு அடுத்த எபிசோடுக்குத் தாவிடாதீங்க. எங்க அம்மாவோட விக்கை நானே பாழாக்கினேன். அந்தக் கதைதான்.

அம்மா இருக்கிறது கரையாம்புத்தூர். புதுச்சேரி, பாகூர் கொம்யூன். தென்பெண்ணை ஆத்துப் பக்கம். மார்பகப் புற்றுநோய்னு தெரிஞ்சு கீமோ ஆரம்பிச்சாங்க. வேகமாப் பெருகுற செல்களைத்தான் அந்த மருந்து தாக்கும். முடியோட வேர்ல இருக்கிற செல்லும் அந்த ரகம். மூணாவது வாரம் தலையணை முழுக்க முடி. அம்மா அழலை. "தை மாசம் ஆத்துத் திருவிழாவுக்கு எப்படிடா போறது?"ன்னு மட்டும் கேட்டாங்க. தை அஞ்சாம் நாள் சுத்துப்பட்டு ஊர்ச் சாமியெல்லாம் ஆத்துக்கு வரும், சனம் மொத்தமும் மணல்ல இருக்கும். தலையில துண்டோட போனா நூறு பேர் விசாரிப்பாங்க. அம்மாவுக்கு நோயை விட அந்த விசாரிப்புதான் பயம்.

என் மாசச் சம்பளத்துல பாதி கொடுத்துச் சென்னையில விக் வாங்கினேன். அம்மா அதைத் தடவிப் பார்த்துட்டுக் கேட்ட முதல் கேள்வி, "யாரோட முடிடா இது?"

நியாயமான கேள்வி. எனக்கு ரெண்டு வயசுல காமாலை வந்தப்போ அம்மா வேண்டிக்கிட்டுத் திருப்பதியில மொட்டை போட்டவங்க. அங்கே காணிக்கையா விழுற முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுது. அது உலகம் முழுக்க விக்கா போகுது. (2004ல இது பெரிய பிரச்சினையே ஆச்சு. கோயில் காணிக்கை முடியில செஞ்ச விக் கூடாதுன்னு ஒரு யூத மதகுரு சொல்ல, ஜெருசலேம்லயும் புரூக்ளின்லயும் பெண்கள் விக்கைத் தெருவுல போட்டு எரிச்சாங்க.) நம்ம தெருவுல சீப்பு முடியைக் கேட்டு வர்றாங்களே, அதுவும் இதே தொழிலுக்குத்தான். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. முடிமேல மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கு. வேர்லேர்ந்து நுனியைப் பார்த்துப் படிஞ்சிருக்கும். கொத்தாக் கட்டி வெட்டின முடியில எல்லாச் செதிலும் ஒரே திசை. சீப்பு முடியில வேரும் நுனியும் கலந்து கிடக்கும், ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும். அதனால அமிலத்துல அந்தச் செதிலையே எடுத்துட்டு சிலிக்கான் பூசி விப்பாங்க. கடையில பளபளன்னு இருக்கும், நாலு தடவை கழுவினா சாயம் வெளுத்துடும். நான் வாங்கினது ஒரே திசை முடி. அம்மா கேட்டுட்டு, "அப்போ என்னோடதாவே இருக்கலாம்"னு சிரிச்சாங்க.

இப்போ என் சாதனை. திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னாடி, 'தலைக்குக் குளிக்கிற மாதிரிதானே'ன்னு வாளியில வெந்நீர் எடுத்தேன். ஷாம்பூ ஊத்தி, சட்டைக் காலர் மாதிரி கசக்கி, முறுக்கிப் பிழிஞ்சு, துண்டால தட்டி, மாடிக் கொடியில வெயில்ல போட்டேன். அம்மா தன் பங்குக்குத் தேங்காயெண்ணெய் வச்சாங்க. டாக்குமென்டேஷன் படிக்காம புரொடக்‌ஷன்ல கை வச்ச கதைதான். பின்கழுத்துப் பக்கம் குருவிக்கூடு. அம்மா ஒண்ணுமே சொல்லலை. அதுதான் தாங்க முடியலை.

விக் செய்யுற ஒரு அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். அவர் சொன்ன ஒரு விஷயத்துல எல்லாம் புரிஞ்சுது. நம்ம தலைமுடிக்குத் தலைத்தோல் தினமும் எண்ணெய் சுரந்து கொடுக்குது. விக்ல தோல் கிடையாது, வலைதான். அந்த முடி இழந்தது இழந்ததுதான், புதுசா முளைக்காது. தலைத்தோல் செஞ்ச வேலையை நாம செய்யணும். ஆனா நம்ம ஊர்ப் பழக்கம் அத்தனையும் அதுக்கு எதிரி. வலையில ஒவ்வொரு முடியையும் கொக்கி ஊசியால முடிச்சுப் போட்டிருப்பாங்க. அதுல எண்ணெய் இறங்கினா முடிச்சு வழுக்கும். சீயக்காய்த் தூள் போட்டா திப்பி வலையில சிக்கும்.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். சிக்குல கண்டிஷனரைப் பூசி ஊறவிட்டு, விரலால பிரிச்சு, அப்புறம் அகலப் பல் சீப்பு. நுனியிலேர்ந்து ஆரம்பிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா மேலே. மேலே முடியைக் கையால பிடிச்சுக்கணும், இழுப்பு முடிச்சுக்குப் போகக் கூடாது. கொஞ்சம் முடி போச்சு, ஒரு இடத்துல விரல் நீளம் வெட்ட வேண்டி வந்தது. மத்தது பிழைச்சுது.

அதுக்கப்புறம் எங்க வீட்டு முறை இதுதான். எட்டு பத்து தடவை போட்டா ஒரு கழுவு. வியர்வைக்கு உள்ளே மெல்லிசா ஒரு பருத்தித் தொப்பி. முதல்ல சீவணும், அப்புறம்தான் தண்ணி. வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சமா ஷாம்பூ கரைச்சு, மேலேர்ந்து கீழே ஒரே திசையில நீவி விடணும், கசக்கவே கூடாது. எங்க போர்த் தண்ணி பக்கெட்டுலயே வெள்ளையாப் படியும், அதனால கடைசி அலசல் கேன் தண்ணியில. கண்டிஷனர் நடுவுலேர்ந்து நுனி வரைக்கும்தான், முடிச்சுப் பக்கம் போகக் கூடாது. துண்டுல வச்சு அமுக்கணும். நிழல்ல காயணும். ஸ்டாண்ட் இல்லாததால இந்த மைக் ஸ்டாண்ட்லதான் காய வச்சேன். ஈரத்தோட பாலித்தீன் கவர்ல போட்டா பூஞ்சை பிடிக்கும். அடுப்படிக்குப் போகும்போதும் தூங்கும்போதும் கழட்டிடணும்.

திருவிழாவுக்கு அம்மா பூ வச்சுக்கிட்டுப் போனாங்க. ஆத்து மணல்ல நல்ல காத்து. நான் பின்னாடியே வந்து பின்கழுத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். ஒரு சித்தி மட்டும், "என்ன அக்கா, முடியைக் குறைச்சுட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. "ஆமாம், பையன் வெட்டிவிட்டான்"னாங்க அம்மா.

கீமோ முடிஞ்சு இப்போ அம்மாவுக்குச் சொந்த முடி சுருட்டையா வளர்ந்திருக்கு. விக்கைக் கழுவி, பக்கத்து ஊர்ல கீமோ ஆரம்பிச்சிருக்கிற ஒரு அக்காவுக்குக் கொடுத்துட்டாங்க. போன ஞாயித்துக்கிழமை அவங்களோட போன்ல பேசிட்டிருந்தது என் காதுல விழுந்தது: "முறுக்காதம்மா. வெந்நீர் ஆகாது. உன் வீட்டுக்காரரையோ பையனையோ தொட விடாத."