நெல்லுக்குக் கொடுக்கும் பணம் யாருக்கு?

2023 செப்டம்பரில் மளிகைக் கடைக்குப் போனவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். உள்ளூர் வெள்ளை அரிசியைக் காணோம். இறக்குமதி அரிசி மட்டும் இருந்தது. அதன் விலையையும் பெர்னாஸ் நிறுவனம் டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு உயர்த்தியிருந்தது. முன்னதாக ஜூலையில் இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கும் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி. இட்லிக்கு மாவரைக்கும் வீடுகளையும் அது விடவில்லை.

உள்ளூர் அரிசிக்கு 2008இல் விதித்த உச்ச விலை கிலோவுக்கு 2 வெள்ளி 60 சென். 2023இலும் அதே விலைதான். இறக்குமதி அரிசிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இடைவெளி விரிந்ததும், உள்ளூர் அரிசி இறக்குமதிப் பைக்குள் புகுந்து விற்கப்படுவதாகப் புகார் எழுந்தது.

விவசாயத்திற்கு அரசாங்கம் செலவிட வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. எதற்கு என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில். பயனீட்டாளர் மலிவான அரிசி கேட்கிறார். நெல் விலை ஏறினால் அரிசி விலையையும் ஏற்ற விடுங்கள் என்கிறார் ஆலைக்காரர். விவசாயி கேட்பது நெல்லுக்கு நல்ல விலையும் உரமும். கேட்பதில் நியாயம் உண்டு. டன்னுக்கு 1,200 வெள்ளியாகப் பல ஆண்டுகள் கிடந்த குறைந்தபட்ச நெல் விலை 2024இல் 1,300 ஆனது. 2025 ஏப்ரலில்தான் 1,500 ஆனது.

ஆனால் வயல் யாருடையது? மூடா வட்டாரத்தில் குத்தகைக்குப் பயிரிடுபவர்கள் பலர். விலையும் மானியமும் கூடினால், நில உரிமையாளர் குத்தகையையும் கூட்டிக் கேட்பார். மேடையில் வாயே திறக்காத அவருக்கும் ஒரு பங்கு போய்ச் சேருகிறது!

வாய்க்காலுக்காகக் குரல் கொடுப்பவர்கள்தாம் குறைவு. கெடா, பெர்லிஸ் சமவெளியில் ஒரு போகம் இரண்டு போகமானது மூடா, பெடு அணைகளுக்குச் செய்த செலவால். உரப்பை ஒரு போகத்தோடு தீர்ந்துவிடும். அந்த அணைகள் அரை நூற்றாண்டு தாண்டியும் சோறு போடுகின்றன. 2024இல் ஈராண்டுக்கு ஐந்து போகம் என்ற திட்டம் பேசப்பட்டது. அதற்கு வயல்தோறும் நீர் பாயவும் வடியவும் கிளை வாய்க்கால்கள் வேண்டும். அவை இல்லாத இடங்களில், ஒரு வயல் நிரம்பி அடுத்த வயலுக்கு வழிந்தால்தான் தண்ணீர். கடைசி வயல்காரர் காத்துக் கிடக்க வேண்டும். அவர் பிந்தினால் அடுத்த போகமும் பிந்தும்.

வாய்க்கால் வெட்ட ஒவ்வொருவரும் நிலத்தில் ஒரு துண்டை விட்டுத்தர வேண்டும். பயிரிடுபவர் ஒருவர், பட்டா வைத்திருப்பவர் வேறொருவர் என்றால், அந்தக் கையெழுத்தை வாங்குவதே பெரும்பாடு.