நிமிடத்திற்கு 600 மூச்சு



மூச்சு விடுவதற்கு நமக்கு எவரும் கற்பித்ததில்லை. பிறந்தவுடன் அது தானே வந்துவிடுகின்றது. ஆனால், ஏழாம் மாதத்திலே பிறந்துவிட்ட குழந்தைக்கு அது எளிதில் வருவதில்லை. அதன் நுரையீரலிலுள்ள நுண்ணிய காற்றறைகள், மூச்சு வெளியேறியதும் நனைந்த பைகளைப் போலச் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. அவை விரிந்தே இருப்பதற்கு உட்புறத்திலே ஒரு மெல்லிய பூச்சு வேண்டும். அப்பூச்சுக் குறைவதே நோய்க்குக் காரணம் என்பதை 1959இல் மேரி எலன் ஏவரி, ஜெரே மீட் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் எடுத்துக்காட்டினர். 1963இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பற்றிக் குறைமாதத்திற் பிறந்து, இந்நோயினால் 39 மணி நேரமே உயிர் வாழ்ந்தான். நாட்டின் தலைவருக்குப் பிறந்தும் அவனுக்கு வேண்டிய மூச்சைக் கொடுக்க அன்று வழி இருக்கவில்லை.

பின்னர் செயற்கைச் சுவாசப் பொறிகள் சிசுக்களுக்கும் பயன்படலாயின. அவை பல உயிர்களைக் காத்தன. கூடவே ஒரு தீங்கையும் விளைத்தன. விறைத்த நுரையீரலினுள் காற்றை மீண்டும் மீண்டும் அழுத்திச் செலுத்துமிடத்து, மெல்லிய திசுக்கள் இழுபட்டுப் புண்படுகின்றன. உயிர் பிழைத்த குழந்தை நெடுங்காலம் பிராணவாயுவின் துணையை நாடவேண்டியதாயிற்று. காப்பாற்றும் கையே காயப்படுத்தாதிருக்க வழி உண்டா என்பதே வைத்தியர்கள் முன்னிருந்த வினா.

அவ்வினாவுக்கு ஒரு விடையாக வந்ததே அதிவேக அதிர்வுச் சுவாசம். நலமான சிசு நிமிடத்திற்கு 40 முதல் 60 தடவை வரை மூச்சு விடும். இப்பொறியோ செக்கனுக்கு 10 முதல் 15 தடவை, அதாவது நிமிடத்திற்கு 600 முதல் 900 தடவை காற்றை அசைக்கின்றது. ஆயினும், ஒவ்வொரு அசைவிலும் செல்லும் காற்று மிகச் சிறிது. 1 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு ஏறக்குறைய 2 மில்லிலீற்றர். மருந்து கொடுக்கும் தேக்கரண்டியிற் பாதிகூட இல்லை.

மூச்சுக்குழாய்களையே நிரப்பாத அச்சிறு காற்று உள்ளறைகளை எவ்வாறு சென்றடையும் என்று நீங்கள் வினவலாம். வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும் நாயை நோக்குங்கள். அதன் மூச்சும் அத்தகைய சிறு மூச்சுத்தான். 1915இல் யன்டெல் ஹென்டர்சனும் அவருடைய துணைவர்களும் இதனை ஆராய்ந்தனர். கண்ணாடிக் குழாயினுள் புகையை விரைந்து ஊதியபோது, அது குழாய் முழுவதையும் நிறைத்துச் செல்லாமல், நடுவிலே ஈட்டிபோலக் கூர்ந்து சென்றதைக் கண்டனர். விரைந்து அதிரும் காற்றும் இவ்வாறே ஊடுருவிக் கலக்கின்றது. பொறி ஒரு நிலையான அழுத்தத்தினால் காற்றறைகளைத் திறந்து வைத்திருக்கின்றது; அதன்மேல் எழும் அதிர்வு கரியமிலவாயுவை வெளியேற்றுகின்றது. இத்தகைய பொறிகள் சிலவற்றில், நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் வானொலியின் ஒலிபெருக்கியில் உள்ளது போன்ற ஓர் அதிரும் தகடே இவ்வேலையைச் செய்கின்றது.

கருத்து அழகியது. ஆனால், அழகிய கருத்தெல்லாம் உண்மையாகிவிடாது. ஆகவே, எந்தக் குழந்தைக்கு எந்தப் பொறி என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத் தீர்மானித்து ஒப்பிட்டுப் பார்த்தனர். உயிர் ஊசலாடும் வேளையில் இது கல்நெஞ்சர் செயலெனத் தோன்றலாம். 673 குழந்தைகளைக் கொண்ட ஆய்வின் முடிவு 1989இல் வெளிவந்தபோது, அதன் அவசியம் புலனாயிற்று. புதிய முறை நுரையீரலை மேலதிகமாகக் காக்கவில்லை. மூளையிற் கடுமையான இரத்தக்கசிவு பழைய முறையில் 18 வீதமாக இருக்க, புதிய முறையில் 26 வீதமாக இருந்தது. சோதித்துப் பாராமல் எங்கும் பரப்பியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்!

வைத்தியர்கள் அம்முறையைக் கைவிடவில்லை. பொறியைக் கையாளும் வகையைத் திருத்தினர். 2002இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. அமெரிக்க ஆய்வில், பிராணவாயுத் துணையின்றி உயிரோடிருந்த குழந்தைகள் புதிய முறையில் 56 வீதம், பழைய முறையில் 47 வீதம். பெரும்பாலும் பிரித்தானியாவில் நடந்த மற்றைய ஆய்விலோ, குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. பிரித்தானிய ஆய்விற் பங்குகொண்ட சிசுக்களுள் 319 பேரை, அவர்கள் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளாக வளர்ந்தபின் மீண்டும் சோதித்தனர். 2014இல் முடிவு வெளியாயிற்று. அதிர்வு முறையிற் சுவாசித்தவர்களின் சிறு மூச்சுக்குழாய்கள் சற்று நன்றாக இயங்கின. அவர்களுடைய ஆசிரியர்களிடமும் கேட்டனர்; எட்டுப் பாடங்களுள் மூன்றில் அப்பிள்ளைகளே மேலான மதிப்பீட்டைப் பெற்றிருந்தனர். பாடசாலையிற் பணிபுரியும் எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகின்றது. வகுப்பிலே நம் முன் அமர்ந்திருக்கும் பிள்ளை எத்துணைப் போராட்டத்தின் பின் அங்கு வந்ததோ, நாம் அறியோம்.

இன்று குறைமாதச் சிசுக்களுக்கு அப்பூச்சினையே மருந்தாகக் கொடுக்கின்றனர். மூக்கின் வழியாக மென்மையாகக் காற்றளித்தே பலரைத் தேற்றிவிடுகின்றனர். அதிர்வுப் பொறி, வழக்கமான பொறி போதாத வேளையிற் கைகொடுப்பதாகப் பல வைத்தியசாலைகளில் நிலைபெற்றுள்ளது. அது எல்லாம் வல்லதன்று. இடமறிந்து பயன்படுத்தவேண்டிய கருவி.

நம் பிள்ளைகளுக்கு நல்லது என்று நாம் நம்பும் ஒன்றையும் அளந்து பார்க்கவேண்டும். அளவை எதிர்மாறாக வந்தாலும் ஏற்கவேண்டும். அன்புக்கு அது முரணன்று. அன்பின் கடமையே அது.