ஐந்தாம் வகுப்புப் பரீட்சை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கும்மியும் கோலாட்டமும் காணக் கூடியிருக்கும் வேளையில் பரீட்சையைப் பற்றிப் பேசுவதைப் பொறுத்தருள வேண்டுகின்றோம். தை பிறந்தது முதல் நமது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் விரித்த பாய் வெறும் பாயாகக் கிடக்கின்றது. “ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும், பிறகு அனுப்புகிறோம்” என்பதே எல்லா இல்லங்களிலும் கிடைக்கும் விடை.

எட்டாம் வகுப்பு முடியும்வரை எப்பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தலாகாது என்றது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். 2019இல் அது திருத்தப்பெற்று, ஐந்திலும் எட்டிலும் பரீட்சை வைத்து நிறுத்திக்கொள்ள அரசுகளுக்கு இடமளிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பொறுப்பிலுள்ள பள்ளிகளுக்கு விதிகளும் வகுத்துவிட்டது. எழுத்துக்கூட்டத் தெரியாமலே பிள்ளைகள் மேல்வகுப்பு ஏறுகின்றனர் என்ற குறை பொய்யன்று. அதை நாமும் ஒப்புகின்றோம்.

ஆனால் எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் என்னும்போது நிகழ்வது யாது? நம் காலனிச் சிறுமி ஒருத்தி ஹிந்தி வழியில் பயில்பவள். காய்கறிக்காரரிடம் வாங்க வேண்டிய மிச்சக் காசை மனக்கணக்காகவே சொல்லிவிடுவாள். மாதிரிப் பரீட்சையில் ‘பௌனே தீன் கிலோ’ என்று ஒரு கணக்கு வந்தது. இரண்டே முக்கால் என்பது அதன் பொருள். பௌனா முக்கால், தீன் மூன்று. ஆகவே மூன்றே முக்கால் என்று கொண்டாள் குழந்தை. தமிழ்ச் செவிக்கு அதுவன்றோ இயல்பு! போட்ட வழி முழுதும் சரி. கிடைத்த மதிப்பெண் சுழி. கணக்கு வராத பிள்ளை என்று பெயரும் வந்தது.

அன்று முதல் அவளுக்குச் சித்திரமில்லை, கதைப் புத்தகமில்லை; பள்ளியிலும் வீட்டிலும் மாதிரி வினாத்தாளே. துறைப் பரீட்சைக்குக் ‘கைடு’ உருப்போட்டு மறு வாரமே மறந்த நாம்தாம் அவளையும் உருப்போடச் சொல்கின்றோம்.

அவ்விதிகளையேனும் நாம் முழுதும் படித்தோமா? மனப்பாடத்தை அளக்கும் பரீட்சையாக அது இருத்தலாகாது என்று அவற்றிலேயே உள்ளது. தவறிய பிள்ளைக்குத் தனிப்பயிற்சி தந்து, முடிவு வெளியான இரண்டு மாதத்துக்குள் மறுபரீட்சை வைத்தல் வேண்டும். அதிலும் தவறினால் நிறுத்தலாமேயன்றிப் பள்ளியினின்று நீக்க இயலாது. நிறுத்தப்பட்ட பிள்ளைக்கும், வேண்டுமாயின் பெற்றோருக்கும், வகுப்பாசிரியர் வழிகாட்ட வேண்டும். இவற்றைப் பள்ளியில் கேட்க நமக்கு உரிமையுண்டு.

வரும் ஞாயிறு முதல் தமிழ் வகுப்பில் அரைமணி நேரம் கணக்குச் சொற்களை இருமொழியிலும் சொல்லித்தர எண்ணியுள்ளோம். ‘சவா’, ‘டேட்’, ‘பௌனே’ மூன்றிலிருந்தே தொடங்குவோம். ஷிப்டு முடிந்து வரும் அன்பர்களுள் உதவ விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். பாயை நாமே விரித்து வைத்திருப்போம்.