கோளாறு எங்கே என்று யந்திரமே சொல்லும்

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)

லினக்ஸ் என்ற பெயரை உங்களில் பலர் பிள்ளைகள் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். கம்ப்யூட்டர் என்ற யந்திரத்தை அடியிலிருந்து நடத்துகிற நிரல் அது. 1991-ம் ஆண்டு பின்லாந்து தேசத்தில், ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் படித்துக் கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுத ஆரம்பித்தார். பல தேசங்களிலிருந்தும் ஆட்கள் கூடித் திருத்தினார்கள். 1994 மார்ச்சில் 1.0 என்ற பதிப்பு வெளியாயிற்று. யாரும் எடுத்துக் கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். பிறருக்கு வழங்கும்போது மூலத்தையும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பதே நிபந்தனை.

சரக்கு கிடைத்தது; ஆனால் கூடவே மெக்கானிக் வரவில்லை. அந்த ஆரம்ப வருஷங்களில் லினக்ஸை ஒரு யந்திரத்தில் ஏற்றி ஓட வைப்பது லேசான காரியமல்ல. அந்தக் கோளாறுகளைப் பற்றி இன்று ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கக் கூடும். ஸ்பின்னிங் யந்திரமானாலும் சரி, பம்புசெட் ஆனாலும் சரி, கோளாறு கண்டுபிடிக்கும் முறை ஒன்றுதான். அந்த முறையை இதில் தெளிவாகக் காணலாம். அதனால்தான் பேசுகிறேன்.

முதலில் தகடு

1993-ல் வந்த ஸ்லாக்வேர் போன்ற தொகுப்புகளைப் பலர் 1.44 மெகாபைட்டு கொள்ளும் பிளாப்பித் தகடுகளில்தான் எழுதி எடுத்து வந்தார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, டஜன் கணக்கில் தகடுகள். அவற்றில் ஒன்று பழுதானாலும் வேலை நடுவில் நின்றுவிடும். உடனே, "லினக்ஸ் சரியில்லை" என்பார்கள். லினக்ஸில் குறையில்லை, தகட்டில்தான் குறை. வேறொரு நல்ல தகட்டில் மறுபடி எழுதினால் தீர்ந்தது. யந்திரத்தைக் கிளப்பும் முதல் தகட்டைச் சாதாரணமாகப் பிரதி செய்தால் ஓடாது. ராரைட் என்ற தனி நிரலைக் கொண்டு எழுத வேண்டும். இது தெரியாமல் இரவெல்லாம் கண் விழித்தவர்கள் உண்டு.

நான்கு எழுத்து சொல்லும் சேதி

லினக்ஸைக் கிளப்பிவிட லிலோ என்றொரு சிறிய நிரல் இருந்தது. அது தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் திரையில் எழுதும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு படி முடிந்ததற்கு அடையாளம். முதல் எழுத்தோடு நின்று, பக்கத்தில் எண்கள் வந்தால், இரண்டாம் பகுதியை டிஸ்கிலிருந்து படிக்க முடியவில்லை என்று பொருள். இரண்டு எழுத்தோடு நின்றால், இரண்டாம் பகுதியைப் படித்தாயிற்று, ஆனால் ஓட்ட முடியவில்லை. நான்கும் வந்தால் லிலோ முழுதாக ஏறிவிட்டது.

இப்படி நிற்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று: லினக்ஸின் மையப் பகுதியைப் புதிதாக மாற்றியவர், பிறகு லிலோவை மறுபடி ஓட்ட மறந்திருப்பார். டிஸ்கில் எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று லிலோ முன்கூட்டியே குறித்து வைத்துக் கொள்ளும். சரக்கை இடம் மாற்றினால் குறிப்பையும் மாற்ற வேண்டாமா? கைவசமுள்ள பிளாப்பியால் யந்திரத்தைக் கிளப்பி, லிலோவை ஒரு தரம் ஓட்டினால் போதும்.

இரண்டாவது காரணம்: பழைய யந்திரங்கள் கிளம்பும்போது டிஸ்கின் முதல் 1024 சிலிண்டருக்கு அப்பால் படிக்கமாட்டா. பல டிஸ்குகளில் அது 504 மெகாபைட்டோடு முடிந்துவிடும். மையப் பகுதி அந்த எல்லைக்கு வெளியே விழுந்தால் யந்திரம் கிளம்பாது. டிஸ்கின் தொடக்கத்தில் சிறியதொரு பாகத்தை ஒதுக்கி, அதில் மையப் பகுதியை வைப்பதே பரிகாரம்.

ஒரே மணியை இருவர் அடித்தால்

கம்ப்யூட்டருக்குள் செருகும் ஒவ்வொரு அட்டைக்கும், "என்னைக் கவனி" என்று மணி அடிக்க ஓர் எண் உண்டு. அந்தக் காலத்து அட்டைகளில் ஒரே எண்ணை இருவர் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. யந்திரத்தின் இரண்டாவது தொடர் வாயிலுக்கு உரிய எண் 3. என்.இ. 2000 என்ற வலைப்பின்னல் அட்டைகள் பலவும் அதே 3-ல் வைக்கப்பட்டு வந்தன! அட்டை இருப்பதாக லினக்ஸ் சொல்லும். ஆனால் சேதி போகாது, வராது. அட்டையைக் குறை சொல்லிக் கடைக்குத் திருப்பிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். அட்டையிலுள்ள சிறு இணைப்பை மாற்றி, 10 போன்ற காலியான எண்ணில் வைத்து, லினக்ஸுக்கும் அந்த எண்ணைத் தெரிவித்துவிட்டால் வேலை நடக்கும்.

இரண்டு இடத்தில் எச்சரிக்கை

பொதுவாக, தவறினால் மறுபடி முயலலாம். ஆனால் இரண்டு விஷயங்களில் விளையாடக் கூடாது.

ஒன்று, படத்திரை. திரை எத்தனை வேகத்தில் கோடு போடலாம் என்ற கணக்கை நாமே எழுதித் தர வேண்டியிருந்தது. சில பழைய திரைகள் தாங்க முடியாத வேகத்தில் பழுதாகிவிடும். திரை கீச்சென்று கத்தினால் உடனே அணைக்க வேண்டும். திரையோடு வந்த புத்தகத்திலுள்ள எண்ணையே எழுத வேண்டும். ஊகித்து எழுதக் கூடாது.

மற்றொன்று, டிஸ்கைப் பாகம் பிரிப்பது. எண் ஒன்று மாறினால், பல வருஷத்துக் கணக்கும் கடிதமும் ஒரு நொடியில் போய்விடும். கடன்பட்டு ஒரு யந்திரம் வாங்கியவனுக்கு அது எத்தகைய நஷ்டம்! ஆகவே முதலில் பிரதி, பிறகுதான் பிரிவினை.

முறை எது?

தோழர்களே! ரிங் பிரேமில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் என்ன செய்கிறோம்? டிராவலரைப் பார்க்கிறோம், ரோலரைப் பார்க்கிறோம், காற்றின் ஈரத்தைப் பார்க்கிறோம். மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட்டால், நூல் நின்றாலும் குற்றம் எதில் என்று தெரியாமலே போகும். பம்பு தண்ணீர் இறைக்காவிட்டால், மின்சாரம் வருகிறதா என்று பார்க்காமல் கிணற்றைத் தோண்டப் போகிறோமா?

இதிலும் அப்படியே. கிளம்பும்போது லினக்ஸ் எழுதும் சேதியை முழுதாகப் படி. எந்தப் படி வரை நடந்தது என்று பார். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றும் முன் பழையதைக் காகிதத்தில் குறித்து வை. தீர்ந்த பிறகு, எப்படித் தீர்ந்தது என்பதையும் எழுதி வை.

இந்தக் கடைசி விஷயந்தான் முக்கியம். லினக்ஸை உபயோகித்தவர்கள் தாம் கண்ட கோளாறையும் பரிகாரத்தையும் எழுதி, "எப்படிச் செய்வது" என்ற தலைப்பில் சிறு ஏடுகளாகத் தொகுத்து, யாவருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். அடுத்தவன் அதே குழியில் விழாமல் தப்பினான். மெக்கானிக் வராத குறை இப்படித்தான் தீர்ந்தது.

உங்கள் மில்லிலும் வயலிலும் இப்படி எழுதப்படாமல் கிடக்கும் அறிவு எவ்வளவு! வயதான பிட்டர் ஓய்வு பெற்றுப் போகும்போது அதுவும் அவரோடு போய்விடுகிறது. சாதாரண நோட்டுப் புத்தகமானாலும் சரி, இன்றே ஒன்றை எடுங்கள். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள்.