தாளம் தவறும் இதயம்



நம் போடிமெட்டு குளிர்ந்த ஊர். மேற்கே இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். கிழக்கே இறங்கினால் போடி. "குளிருக்குக் கொஞ்சம் போட்டால்தான் வேலை ஓடும்" என்று சிலர் சொல்கிறார்கள். அது உண்மையா?

குடித்ததும் தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. சூடான இரத்தம் தோலுக்கு வருகிறது. உடம்பு சூடானது போலத் தோன்றுகிறது. ஆனால் உள்ளே இருந்த சூடுதான் வெளியே போகிறது. குடித்தவர் உடம்பு மேலும் குளிர்ந்துவிடும்.

இதயத்துக்கு என்ன ஆகிறது? உங்கள் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, இரண்டு விரலை வையுங்கள். நாடி துடிக்கிறதா? சும்மா இருக்கும்போது அது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்கும். இதயத்தின் மேல் அறையில் பிறக்கும் சிறு மின்சாரம்தான் இந்தத் தாளத்தைப் போடுகிறது.

குடி இந்த மின்சாரத்தைக் குழப்புகிறது. மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன. தாளம் தவறுகிறது. அறைக்குள் இரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும்.

1978-இல் அமெரிக்காவில் மருத்துவர் பிலிப் எட்டிங்கரும் அவர் குழுவினரும், அதிகமாகக் குடித்து இதயத் தாளம் தவறிய 24 பேரைப் பற்றி எழுதினார்கள். வார இறுதியிலும் விடுமுறையிலும் குடித்த பிறகே பலருக்கு இது வந்தது. அதனால் 'விடுமுறை இதயம்' என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் 'சம்பள நாள் இதயம்' என்று சொல்லலாம். பிராந்தி, பீர், கள் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே சரக்குதான்.

நல்ல செய்தியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் இந்த நோய் உள்ள 140 குடிகாரர்களை இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். முடிவு 2020-இல் வெளிவந்தது. 6 மாதத்தில், வழக்கம்போல் குடித்தவர்களில் 100-க்கு 73 பேருக்கு நோய் திரும்பியது. குடியை நிறுத்தச் சொன்ன குழுவில் 53 பேருக்குத்தான் திரும்பியது.

நெஞ்சு படபடக்கிறதா? மூச்சு வாங்குகிறதா? மயக்கம் வருகிறதா? நெஞ்சு வலிக்கிறதா? "போதை தெளிந்தால் சரியாகும்" என்று படுத்துவிடாதீர்கள். வாய் கோணினாலும், கை தளர்ந்தாலும், பேச்சு குழறினாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். போடிக்கு இறங்க 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நடுராத்திரியில் அது நீண்ட வழி.

தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். ஆகவே மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள். வீட்டாரே, அவரைத் திட்டாதீர்கள். கூடப் போங்கள்.

குளிருக்குக் கம்பளி இருக்கிறது. சுக்கும் ஏலமும் தட்டிப் போட்ட சூடான காப்பி இருக்கிறது. ஏலம் நம் கையால் பறித்தது. அதைக் குடிப்போம்.