பாதிப் படியில் நிறுத்த வேண்டாம்

(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நம் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் ஆசையாகச் சாரணர் படையில் சேருகிறார்கள். ஒன்பதாம் வகுப்பு வருவதற்குள் பலர் நின்றுவிடுகிறார்கள். அதனால் அவர்களுக்கு என்ன இழப்பு என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் 10 வயது நிறைந்த பிள்ளை சாரணராகச் சேரலாம். முதலில் பிரவேஷ், அதற்கு 3 மாதம். அடுத்து பிரதம சோபான் 6 மாதம், துவிதிய சோபான் 9 மாதம், திருதிய சோபான் 9 மாதம். அதன்பின் ஆளுநர் விருதான ராஜ்ய புரஸ்காருக்கு இன்னும் 9 மாதம். குறைந்தது 36 மாதம் ஆகிறது. ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குத் தாவ முடியாது.

ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை இடைவிடாமல் போனால் ஒன்பதாம் வகுப்பில் அந்த விருதை எட்டலாம். எட்டாம் வகுப்பில் சேர்ந்தாலோ பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் கடந்துவிடும். ஆகவே சீக்கிரம் சேர்ப்பதும், நடுவில் விடாமல் இருப்பதும்தான் முக்கியம்.

விருது மட்டும் பலன் இல்லை. முடிச்சு, முதலுதவி, திசைகாட்டி, துணியும் கழியும் கொண்டு தூக்குக்கட்டில் செய்வது எல்லாம் இந்தப் படிகளில்தான் வருகின்றன. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீப்பிடித்தபோது உதவிக்கு முதலில் ஏறியவர்கள் அக்கம்பக்கத்து மக்கள். மலையடிவாரத்தில் வாழும் நமக்கு இந்தப் பயிற்சி எவ்வளவு தேவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகள் நிற்பதற்கு நம் வீடுகளிலும் காரணம் உண்டு. ஏலக்காய் பறிப்புக் காலத்தில் அத்தாவும் அம்மாவும் விடியும் முன்னே ஜீப்பில் போடிமெட்டு ஏறிவிடுகிறார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளை வீட்டில் தங்குகிறது. இரண்டு மாதம் வராத பிள்ளை, கூடச் சேர்ந்தவர்கள் அடுத்த படிக்குப் போய்விட்டதைப் பார்த்துக் கூச்சப்பட்டு, பிறகு வருவதே இல்லை. ஒரு தெருவில் மூன்று நான்கு குடும்பங்கள் முறைவைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டால், பயிற்சி நாளுக்கு இரண்டு மணி நேரம் கிடைத்துவிடும்.

பெண் பிள்ளைகளைப் பெரியவளானதும் நிறுத்திவிடுகிறோம். சாரணியர் படையை நடத்துவது ஆசிரியைகள்தான். சல்வார் கமீஸ் சீருடையும் இருக்கிறது. முகாமில் எங்கே தங்குகிறார்கள், யார் துணை என்று நேரில் போய்க் கேளுங்கள். தொழுகை நேரத்தையும் உணவையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இறைவனுக்குச் செய்யும் கடமையைச் சொல்லித்தான் சாரணர் உறுதிமொழியே தொடங்குகிறது; ஆகவே இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். சீருடை சிறுத்துப்போன பிள்ளைகளிடம் அதை வாங்கி இளையவர்களுக்குக் கொடுங்கள். முகாம் செலவுக்குத் தயங்கும் வீட்டுக்கு, யாருக்கும் தெரியாமல் உதவுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையிடம், "எந்தப் படியில் இருக்கிறாய், அடுத்ததற்கு என்ன பாக்கி?" என்று கேளுங்கள். வீட்டில் ஒருவர் கேட்கிறார் என்றாலே பிள்ளைக்குப் பாதி பலம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பிறருக்கு உதவும் கைகளாக ஆக்குவானாக. வஸ்ஸலாம்.